மாற்றாக வந்த ரிவால்வர்: பழைய கணக்கு செல்லாது

இந்த முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம் அமெரிக்காவில் சட்டப்படி ரிவால்வர் வைத்திருக்கும் வாசகர்களுடையவை. பழுதான துப்பாக்கிக்குப் பதிலாக நிறுவனம் வேறொன்று தருகிறது. அதை எப்படி வாங்குவது, வந்ததும் எதைப் பார்ப்பது, அதில் எந்தத் தோட்டாவை நம்புவது என்று கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: என் .38 ஸ்பெஷல் ரிவால்வரின் அலுமினியக் கலவை பிரேமில் (துப்பாக்கியின் உடற்பகுதியில்), பேரல் எனப்படும் குழல் திருகப்பட்ட இடத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரு விரிசல். பழுது பார்க்க முடியாது, புதிதாக ஒன்று தருகிறோம் என்கிறது நிறுவனம். நேரே வீட்டுக்கு வருமா, அல்லது மறுபடியும் கடைக்குப் போய், துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் கூட்டாட்சிப் படிவமான 4473-ஐ நிரப்ப வேண்டுமா?

பதில்: கூட்டாட்சிச் சட்டத்தைப் பொறுத்தவரை நேரே உங்கள் வீட்டுக்கே வரலாம். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு விலக்கு உண்டு. பழுது பார்க்க அனுப்பியவருக்கே, உரிமம் பெற்ற நிறுவனம் அந்தத் துப்பாக்கியையோ அதே வகை, அதே இனத்தைச் சேர்ந்த மாற்றுத் துப்பாக்கியையோ திருப்பி அனுப்பலாம். இதற்குப் படிவம் 4473 தேவையில்லை. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அனுப்பியவரும் பெறுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பியதை உங்கள் சகோதரர் பெயருக்குத் திருப்பச் சொன்னால் விலக்கு போய்விடும். மற்றொன்று, "அதே வகை" என்பது. உங்கள் மாடல் உற்பத்தியில் இல்லை என்று வேறு காலிபரிலோ, ரிவால்வருக்குப் பதில் பிஸ்டலோ தர முன்வந்தால், சம்மதிக்கும் முன்பே அது எந்த வழியாக வரும் என்று எழுத்தில் கேளுங்கள். அப்படிப்பட்டவை பெரும்பாலும் உரிமம் பெற்ற கடை வழியாக, படிவம் நிரப்பித்தான் வரும்.

மாநிலச் சட்டம் வேறு. நியூயார்க் போன்ற மாநிலத்தில் கைத்துப்பாக்கி உரிமத்தில் ஒவ்வொரு துப்பாக்கியின் வரிசை எண்ணும் பதிவாகியிருக்கும். மாற்றுத் துப்பாக்கிக்குப் புது எண் என்பதால், பழையதை நீக்கிப் புதியதைச் சேர்க்கும் வேலையை உரிமம் தரும் அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்து வையுங்கள். வீட்டுக் காப்பீட்டில் எண் குறித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: அனுப்பும்போது என்னென்ன கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: பிரேமுக்கே பழுது என்றால் பழைய துப்பாக்கி திரும்பி வராது, நிறுவனமே அதை அழித்துவிடும். ஆகவே நீங்கள் தனியாக வாங்கிப் போட்ட கைப்பிடிப் பலகை, குறிபார்க்கும் சைட், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றி, உடன் வந்த அசல் பாகங்களைப் பூட்டி அனுப்புங்கள். இலகு ஸ்பிரிங்கை விட்டுவைத்தால் "பிரைமர் (தோட்டாவின் அடியில் அடிபட்டதும் பற்றும் சிறு மூடி) வெடிக்கவில்லை" என்ற உங்கள் புகாரை அந்த ஸ்பிரிங் மீதே போட்டுவிடுவார்கள்.

கடிதத்தில் கதை வேண்டாம். எந்த சேம்பரில் (சுழலும் சிலிண்டரில் தோட்டா அமரும் துளையில்), எத்தனையாவது தோட்டாவில், என்ன நடந்தது. தோட்டாவின் பெயர், குண்டின் எடை, பெட்டியில் அச்சான லாட் (தயாரிப்புத் தொகுதி) எண். இவ்வளவு போதும். சுட்ட வெற்றுக் கூடுகளை சேம்பர் எண் எழுதிய சிறு பைகளில் போட்டு வையுங்கள், ஒளிப்படங்களும் சேருங்கள். உயிருள்ள தோட்டா ஒன்றுகூட அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது. நீங்களாகத் தபாலிலோ கூரியரிலோ போட முயல வேண்டாம். நிறுவனம் தரும் முன்பணம் கட்டிய லேபிளை ஒட்டி, அவர்கள் சொல்லும் இடத்தில் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: புதிய ரிவால்வர் வந்துவிட்டது. நிறுவனமே சோதித்து அனுப்பியிருக்கும்தானே? நேரே சுடத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். பழுதான ஒன்றுக்குப் பதிலாக வருவதால் இது கூடுதல் கவனத்தோடு வரும் என்று நம்புவது இயல்பு. ஆனால் நிறுவனத்தில் சில தோட்டாக்கள் சுட்டுப் பார்ப்பதற்கும், நீங்கள் மேசையில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு சேம்பராகப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. குறை இருந்தால், ஒரு தோட்டாகூட சுடாத நிலையில் திருப்புவதுதான் உங்களுக்கு வலுவான நிலை.

முதலில் பெட்டியிலும் கடிதத்திலும் உள்ள வரிசை எண் பிரேமில் உள்ளதோடு பொருந்துகிறதா பாருங்கள். சிலிண்டரைத் திறந்து எல்லா சேம்பரும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பேரலிலும் சேம்பர்களிலும் உள்ள பாதுகாப்பு எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள்.

அடுத்தது ஃபீலர் கேஜ், அதாவது வெவ்வேறு தடிமனுள்ள மெல்லிய தகடுகள் கொண்ட அளவுகோல். பேரலின் பின்முனைக்கும் சிலிண்டர் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில், கட்டாயப்படுத்தாமல் நுழையும் மிகத் தடித்த தகடு எது என்று பாருங்கள். சிலிண்டரைப் பின்னுக்கு அழுத்திப் பிடித்து ஒருமுறை, முன்னுக்கு அழுத்திப் பிடித்து ஒருமுறை. பின்னுக்கு இருக்கும்போது 0.004 முதல் 0.008 அங்குலம் வரை இருந்தால் நன்று. 0.003-க்குக் கீழே போனால் இரண்டு பெட்டி சுட்டதும் கரி படிந்து சிலிண்டர் உராயத் தொடங்கும். 0.010-ஐத் தாண்டினால் பக்கவாட்டில் வாயுவும் துகளும் அதிகம் சிதறும், வேகமும் குறையும். இரு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிலிண்டரின் முன்பின் ஆட்டம். புதுத் துப்பாக்கியில் அது 0.001 முதல் 0.003 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இந்த அளவை எல்லா சேம்பரிலும் எடுங்கள், பேரலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் எடுங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் பேரலின் முனை சதுரமாக வெட்டப்படவில்லை. சேம்பருக்கு சேம்பர் மாறினால் கோளாறு சிலிண்டர் முகத்தில்.

மூன்றாவது, டைமிங், அதாவது சிலிண்டர் சரியான நேரத்தில் பூட்டிக்கொள்கிறதா என்பது. இதற்குச் சேம்பர்களில் வெற்றுக் கூடோ ஸ்னாப் கேப் எனப்படும் போலித் தோட்டாவோ போட்டுக்கொள்ளுங்கள். வெறும் சேம்பரில், கூடுகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரம் லேசாக ஆடி, இல்லாத குறையைக் காட்டக்கூடும். ஒரு விரலால் சிலிண்டரை மிக லேசாகத் தடுத்தபடி, பிரைமரை அடிக்கும் ஹாமரைக் கட்டைவிரலால் மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹாமர் முழுதாகப் பூட்டிக்கொள்வதற்குள் சிலிண்டர் பூட்டு அதன் பள்ளத்தில் "டிக்" என்று விழுந்துவிட வேண்டும். எல்லா சேம்பரிலும் பாருங்கள். ட்ரிகரை மட்டும் மெதுவாக இழுத்தும் அதே சோதனை. ஒரே ஒரு சேம்பர் மட்டும் தாமதித்தால் சிலிண்டரின் பின்னுள்ள, அதைச் சுழற்றும் ராட்செட் பல் ஒன்றில் குறை. வேகமாக இழுத்தால் சிலிண்டரின் சுழல் வேகமே அதைப் பூட்டுக்குக் கொண்டுபோய்விடும், குறை தெரியாது. அதனால்தான் மெதுவாக. ஹாமர் பூட்டிய நிலையில் ட்ரிகரிலிருந்து விரலை எடுத்துவிட்டு, கட்டைவிரலால் ஹாமரை முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அது விழுந்தால் அந்தத் துப்பாக்கியை அன்றே பெட்டியில் போட்டுத் திருப்புங்கள்.

முன்சைட் நேராக நிற்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். பேரலைக் கூடவோ குறையவோ திருகியிருந்தால் சைட் சாய்ந்து நிற்கும், குண்டும் பக்கவாட்டில் போகும். இந்தக் குறை புதுத் துப்பாக்கிகளில் நாம் நினைப்பதைவிட அடிக்கடி வருகிறது. சேம்பரும் பேரலும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதை ரேஞ்ச் ராட் என்ற அளவுக் கம்பியால்தான் சரியாகப் பார்க்க முடியும். அது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. விளக்கு வெளிச்சத்தில் பேரல் வாய்க்கு நேரே கண்ணை வைத்துப் பார்க்கும் பழக்கம் எந்தத் துப்பாக்கியோடும் வேண்டாம்.

கேள்வி: முதல் நாள் எத்தனை தோட்டா சுட வேண்டும்? எதை முதலில்?

பதில்: முதலில் 50 சாதாரணப் பயிற்சித் தோட்டா, பிறகு நீங்கள் பாதுகாப்புக்கு வைத்திருக்கப்போகும் தோட்டாவில் 50. இரண்டாவது செலவு பிடிக்கும், ஆனாலும் அதைக் குறைக்கச் சொல்ல மாட்டோம். சேம்பர்களுக்கு மார்க்கரால் எண் எழுதி, ஒவ்வொரு தவறும் எந்த எண்ணில் வந்தது என்று குறியுங்கள்.

ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் துப்பாக்கியை இலக்கை நோக்கியே 30 விநாடி பிடித்திருங்கள். பிரைமர் தாமதமாகப் பற்றக்கூடும். பிறகு எடுத்து பிரைமரில் விழுந்த பள்ளத்தைப் பாருங்கள். பள்ளம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டாவின் குறை. ஆழம் குறைவு, அதுவும் எந்த சேம்பர் என்றில்லாமல் வருகிறது என்றால் ஹாமரை இயக்கும் மெயின்ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய வடிவமைப்புகள் பலவற்றில் கைப்பிடியின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்கை அழுத்தும் ஒரு ஸ்குரூ இருக்கும். அது தளர்ந்தாலே இந்தத் தொல்லை வரும், முழுதாக இறுகியிருக்க வேண்டும். சிலிண்டரின் முன்பின் ஆட்டம் அதிகமாக இருந்தாலும் அடியின் ஒரு பகுதி சிலிண்டரை முன்னுக்குத் தள்ளுவதில் வீணாகும். இரண்டாவது அடியில் வெடிக்கும் தோட்டாவில் பிரைமர் முழுதாக உள்ளே அமர்த்தப்படாமல் இருந்திருக்கலாம்; முதல் அடி அதை அமர்த்துவதிலேயே செலவாகிவிட்டது. ஃபெடரல் பிரைமர்கள் மென்மையானவை, சி.சி.ஐ. கடினமானவை. ஒன்றில் ஓடும் துப்பாக்கி மற்றதில் ஓடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுழற்சி திடீரென்று கனமானால் முதலில் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் அடியைப் பாருங்கள். எரியாத வெடிமருந்துத் துகள் நாலைந்து அங்கே சிக்கினால் போதும், தோட்டாக்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டு உராயும். கூடுகளை வெளியேற்றும்போது பேரல் வாயை வானத்தை நோக்கி நிமிர்த்தி, தண்டை ஒரே அடியில் தள்ளினால் துகள் கீழே கொட்டிவிடும். பாதி சாய்வாகப் பிடித்துத் தள்ளுவதுதான் வழக்கமான தப்பு. அது சுத்தமாக இருந்தும் கனமென்றால் எக்ஸ்ட்ராக்டர் தண்டு திருகு தளர்ந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா பாருங்கள். தோட்டாக்களின் அடியில் விரலை ஓட்டுங்கள். துருத்திய பிரைமர் விரலுக்கே தெரியும்.

கேள்வி: என் மாற்றுத் துப்பாக்கி பழையதைவிட மிக இலகுவானது. நாலு தோட்டா சுட்டதும் ஐந்தாவது சுழலாமல் நின்றுவிட்டது. சிலிண்டரைத் திறந்து பார்த்தால் அதன் குண்டு முன்னுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பழையதில் இதே தோட்டா ஒருபோதும் இப்படிச் செய்ததில்லை. துப்பாக்கியின் குறையா?

பதில்: துப்பாக்கி சரி, தோட்டாவும் தன்னளவில் சரி. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கிறது. மீதித் தோட்டாக்களின் கூடுகளை அவற்றின் விளிம்பு பிடித்திருப்பதால் அவையும் பின்னுக்கு இழுபடுகின்றன. குண்டோ நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கூட்டின் வாய் அதைக் கவ்வும் கிரிம்ப் போதாவிட்டால், ஒவ்வொரு உதைக்கும் சிறிது சிறிதாக வெளியே வரும். சிலிண்டர் முகத்தைத் தாண்டியதும் பேரலில் இடித்து நின்றுவிடும். அந்த நிலையில் துப்பாக்கியை அங்கேயே திறக்கவும் முடியாமல் போகலாம். துப்பாக்கி இலகுவாக ஆக உதையின் வேகம் கூடும். 340 கிராம் எடையுள்ள சிறு ரிவால்வரில் இது நித்தியத் தொல்லை. ஒரு கிலோவை நெருங்கும் எஃகு ரிவால்வரில் அபூர்வம்.

சோதனை எளிது, அதற்கு ஒரு காலிப்பர் போதும். ஐந்து தோட்டாக்களின் மொத்த நீளத்தையும் அளந்து எழுதுங்கள். ஒன்றின் அடியில் மார்க்கரால் குறியிட்டு, கடைசியாக வரும் சேம்பரில் போடுங்கள். மற்ற நாலையும் சுட்டுவிட்டு அதை எடுத்து அளவுங்கள். மறுபடி அதே சேம்பரில் வைத்து, புதிதாக நாலு போட்டுச் சுட்டு அளவுங்கள். மூன்றாவது முறையும் செய்யுங்கள். முதல் முறை ஆயிரத்தில் மூன்று நாலு பங்கு அங்குலம் நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டால் பயமில்லை. ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் அந்த லாட்டை இந்தத் துப்பாக்கியில் பயன்படுத்தாதீர்கள். இதைக் குறைந்தது மூன்று வெவ்வேறு தோட்டாக்களைக் குறியிட்டுச் செய்ய வேண்டும், ஏனென்றால் கிரிம்ப் ஒரே பெட்டிக்குள்ளேயே மாறும். வெறும் ஈயக் குண்டைவிட, ஆழமான வரிப்பள்ளமுள்ள உறையிட்ட குண்டு நன்றாகப் பிடித்து நிற்கும்.

இலகு என்பதாலேயே குண்டின் எடையைக் குறைத்து உதையைத் தணிக்கலாம் என்று நினைக்கும் முன் பேரலின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மிக இலகுவான .357 மாடல்களில் 120 கிரெய்னுக்குக் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குறைந்த குண்டு கூடாது என்று பொறித்திருக்கும். லேசான குண்டு சீக்கிரம் கிளம்பிவிடுவதால், எரிந்துகொண்டிருக்கும் மருந்துத் துகள்கள் டைட்டானியம் சிலிண்டரின் முகத்தை அரிக்கின்றன.

கேள்வி: அதே தோட்டா, அதே பேரல் நீளம். வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் புதியது நொடிக்கு 60 அடி குறைவாகக் காட்டுகிறது. கருவி தவறா?

பதில்: கருவி சரியாகவே இருக்கலாம். ரிவால்வருக்கு ரிவால்வர் 50 அடிக்கு மேல் வித்தியாசம் வருவது சாதாரணம். பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளி 0.004-இலிருந்து 0.009 ஆகியிருந்தாலே ஒரு பகுதி போய்விடும். த்ரோட் எனப்படும் சேம்பரின் முன்வாய் பெரிதாக இருந்தாலும், பேரலின் உள்ளளவு தளர்ந்திருந்தாலும் வேகம் குறையும். சென்சார் வைத்த கருவி என்றால் பேரல் வாயிலிருந்து 10 அடி தள்ளி வையுங்கள். அதைவிட அருகே வைத்தால் வெடிப்பலை எண்ணைக் கெடுக்கும்.

ஒன்றை மட்டும் அளக்க மறக்காதீர்கள்: மருந்து கூட்டுக்குள் எங்கே கிடக்கிறது என்பது. .38 ஸ்பெஷல் 1898-இல் கறுப்பு வெடிமருந்துக்காக உருவானது. இன்றைய புகையில்லா மருந்து அந்தக் கூட்டில் பாதியைக்கூட நிரப்பாமல் இருக்கலாம். பேரலை நிமிர்த்தி மெதுவாக இறக்கிச் சுட்டால் மருந்து பிரைமர் பக்கம் இருக்கும், கவிழ்த்து மெதுவாக ஏற்றிச் சுட்டால் குண்டின் பக்கம். இரண்டு விதமாகவும் பத்துப் பத்து சுடுங்கள். இரு சராசரிகளும் விலகாத தோட்டாவே நல்லது. உறையிலிருந்து உருவி உயர்த்தும்போது மருந்து முன்பக்கம்தான் கிடக்கும். ஆகவே குறைந்த எண்ணை வைத்தே முடிவெடுங்கள்.

கேள்வி: பாதுகாப்புத் தோட்டாவை, ஊடுருவலைச் சோதிக்கும் ஜெல் கட்டியில் சுட்டுப் பார்க்க ஆசை. வீட்டில் செய்யலாமா?

பதில்: சுடும் தளத்தில் செய்யலாம். எஃப்.பி.ஐ. அளவுகோல், குண்டு 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்பது. அது 10 சதவீத ஜெலட்டினுக்கானது. கட்டியை 4 டிகிரி செல்சியஸில் வைத்து, .177 எஃகு மணியை நொடிக்கு 590 அடி வேகத்தில் சுட்டு, அது 8.5 சென்டிமீட்டர் ஆழம், ஒரு சென்டிமீட்டர் முன்பின்னாகப் போகிறதா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த எண்ணை யாரோடும் ஒப்பிட முடியாது. கடையில் கிடைக்கும் கண்ணாடி போன்ற செயற்கை ஜெல் வசதியானது, ஆனால் அதில் வரும் ஆழம் ஜெலட்டினுக்குச் சமமல்ல. இரண்டு தோட்டாக்களில் எது பரவாயில்லை என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். கட்டியின் முன்னே நாலு மடிப்பு டெனிம் துணி வைத்துச் சுடுங்கள். இரண்டு அங்குல பேரலில் வேகம் குறைவு. துணி அடைத்துக்கொண்ட ஹாலோ பாயிண்ட் (முனையில் குழியுள்ள குண்டு) விரியாமல் நேரே ஊடுருவிப் போவதை அப்போது காண்பீர்கள்.

கேள்வி: நிலையான சைட் கொண்ட 4 அங்குல .38. 110 கிரெய்ன் குண்டு 25 கஜத்தில் 3 அங்குலம் கீழே விழுகிறது. முன்சைட்டை அரத்தால் தேய்க்கலாமா?

பதில்: முதலில் 158 கிரெய்னில் சுட்டுப் பாருங்கள். கனமான குண்டு மெதுவாகப் போவதால் பேரலுக்குள் அதிக நேரம் இருக்கிறது. அதற்குள் உதையில் பேரல் உயர்ந்துவிடுகிறது, குண்டு மேலே விழும். .38-இன் நிலையான சைட்கள் வழக்கமாக 158 கிரெய்னை வைத்தே அமைக்கப்பட்டவை. அப்படியும் கீழே என்றால் நிறுவனத்திடம் கேட்டுவிட்டு, உத்தரவாதம் போகாது என்று உறுதியான பிறகே தேயுங்கள். கணக்கு: தவறிய அளவை இரு சைட்களுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். சைட் தூரம் 5.7 அங்குலம், இலக்கு 900 அங்குலம், தவறு 3 அங்குலம் எனில் 0.019 அங்குலம். அதில் பாதியைத் தேய்த்துவிட்டு மறுபடி சுடுங்கள். தேய்த்ததை ஒட்ட வைக்க முடியாது. மணல் மூட்டையில் மணிக்கட்டை வையுங்கள், பேரலை அல்ல. சிலிண்டர் இடைவெளிக்கு நேரே மூட்டையோ விரலோ வந்தால் சூடான வாயு இரண்டையும் அறுக்கும்.

கேள்வி: வார்த்த ஈயக் குண்டு சுட்டால் பேரலின் தொடக்கத்தில் ஈயம் அப்பிக்கொள்கிறது. பக்கத்தில் நிற்பவர் கன்னத்திலும் துகள் படுகிறது.

பதில்: துகள் எப்போதும் ஒரே பக்கம் சிதறினால் சேம்பர் பேரலோடு நேராக நிற்கவில்லை. குண்டின் ஓரம் சீவப்படுகிறது. சுடுவதை நிறுத்தி நிறுவனத்திடம் அனுப்புங்கள். சிதறல் இல்லை, ஈயம் மட்டும் என்றால் த்ரோட் அளவைப் பின் கேஜ் என்ற அளவுக் கம்பியால் பாருங்கள். .38, .357 இரண்டிலும் அது 0.358 அங்குலத்தை ஒட்டி, பேரலின் பள்ள அளவைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். அதைவிடச் சிறிதானால் குண்டை முதலில் நெரித்துவிடும். பிறகு பேரலுக்குள் அதன் பக்கவாட்டில் வாயு பீறிட்டு ஈயத்தை உருக்கி அப்பும். படிந்ததை எடுக்கத் தூய செம்புக் கம்பிச்சுருளை பழைய பிரஷில் சுற்றித் தேயுங்கள். வாங்கிய சுருளில் காந்தம் ஒட்டினால் அது செம்பு பூசிய எஃகு, பேரலுக்குள் விடக் கூடாது.

கேள்வி: .357 துப்பாக்கியில் .38 நிறையச் சுட்டேன். இப்போது .357 தோட்டா முழுதாக உள்ளே போகவில்லை.

பதில்: .38-இன் கூடு 1.155 அங்குலம், .357-இன் கூடு 1.290. குட்டைக் கூடு முடியும் இடத்தில் கரி வளையம் கட்டுகிறது. கட்டைவிரலால் அழுத்தித் திணித்துச் சுடாதீர்கள். கூட்டின் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். .357-இன் உச்ச வரம்பே 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு), .38-க்கு 17,000தான். சேம்பரில் கரைப்பான் ஊறவிட்டு வெண்கல பிரஷால் வளையத்தை எடுங்கள். டைட்டானியம் சிலிண்டர் என்றால் உராயும் பொருள் எதையும் தவிர்த்து, நிறுவனக் கையேடு சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: ஒரு தோட்டா "புஸ்" என்று மெல்லிய சத்தத்தோடு வெடித்தது, உதையே இல்லை. அடுத்ததைச் சுடலாமா?

பதில்: சுடக் கூடாது. குண்டு பேரலிலேயே நின்றிருக்கலாம், அடுத்தது அதன் மேல் மோதினால் பேரல் வீங்கும் அல்லது பிளக்கும். இலக்கை நோக்கியே 30 விநாடி பிடியுங்கள், சிலிண்டரைத் திறந்து எல்லாத் தோட்டாக்களையும் எடுத்துவிட்டு, பேரலுக்குள் ஒரு கம்பியை விட்டு மறுமுனையில் வருகிறதா பாருங்கள். சிலிண்டர் திறக்க மறுத்தால் குண்டு பாதி பேரலிலும் பாதி சிலிண்டரிலும் நிற்கிறது. சுத்தியால் தட்டாதீர்கள். மீதித் தோட்டாக்கள் உயிரோடு உள்ளே இருக்கின்றன. தளப் பொறுப்பாளரை அழையுங்கள். அந்தப் பெட்டியில் மீதமிருப்பதைச் சுட வேண்டாம். லாட் எண்ணோடு தோட்டா நிறுவனத்துக்கு எழுதுங்கள், துப்பாக்கி நிறுவனத்துக்கு அல்ல.